பதினொரு வினாடி

மார்ச் 4, திங்கள்

இன்று செய்தி வாசிப்புப் பயிற்சி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம், இந்தப் பக்கம் நானும் மைக்கும். நாலு வரிதான் வாசித்திருப்பேன், சிவப்பு விளக்கு அணைந்தது. நிறுத்து என்று அர்த்தம். "எல்லா வரியையும் ஒரே மாதிரி முடிக்கிறீங்க. டோக்கன் நம்பர் கூப்பிடுற மாதிரியே இருக்கு" என்றார். வகுப்பே சிரித்தது. பாவம், அவருக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடம் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து நான் டோக்கன் நம்பர்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

எனக்கு முப்பத்தேழு. மேடத்துக்கு இருபத்தெட்டு. பதினாறு பேர் படிக்கிறோம், என்னைத் தவிர எல்லோரும் இருபதுகளில். மேடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'மூணு செகண்ட்'. ரேடியோவில் மூன்று வினாடிக்கு மேல் சத்தமில்லாமல் இருந்தால் கேட்பவர் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார் என்பது அவருடைய தாரக மந்திரம். காலையில் வணக்கம் சொல்வதற்குப் பதில் அதைத்தான் சொல்கிறார்.

வீட்டில் இவரிடம் சொல்லிப் புலம்பினேன். இவர் செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். "பல்லு எல்லாம் உன் சொந்தப் பல்லுதானே? அப்புறம் வாசிக்க என்ன பயம்?" என்றார். இந்த மனிதரிடம் போய் ஆறுதல் தேடினேன் பார்.

மார்ச் 6, புதன்

நாள் முழுக்க ல, ழ, ள. வீட்டுக்கு வந்தும் தாடை வலி, பேச வாய் வரவில்லை. இவருக்கு ஏக சந்தோஷம்.

மார்ச் 11, திங்கள்

இன்று டிவி ஸ்டுடியோ. முறை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலையும் பார்க்க வேண்டும். கேமராவுக்கு முன்னால் வாசகங்கள் ஓடும் திரையை ஓட்டுவது எனக்கு வந்தது. வாசித்தவள் 'ஹெட்போன்'. சாப்பிடும்போதுகூட அதைக் கழுத்திலிருந்து கழற்றமாட்டாள், அதனால் அந்தப் பெயர். நான் பதற்றத்தில் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டேன். அவளும் விடாமல் துரத்தி வாசித்தாள். வானிலை அறிக்கை ஓட்டப்பந்தய வர்ணனை ஆகிவிட்டது. முடித்துவிட்டு வந்து என் கையைக் கிள்ளினாள்.

ஒன்று கவனித்தேன். டிவியில் வாசிப்பவர் நடுவில் நின்றுபோனாலும் முகம் இருக்கிறது. விழிப்பதாவது தெரியும். ரேடியோவில் பேச்சு நின்றால் ஆளே இல்லை. இதை மேடத்திடம் சொன்னபோது, "அதான். அதனாலதான் மூணு செகண்ட்" என்று கையைத் தட்டினார்.

மார்ச் 15, வெள்ளி

செவ்வாயன்றே இறுதிப் பயிற்சியை அறிவித்துவிட்டார்கள். உழைக்கும் ஒருவரைப் பற்றி ஐந்து நிமிட நிகழ்ச்சி. எங்கள் பயிற்சி நிலையத்துக்கு ஒரு சின்ன ரேடியோ உண்டு. ஞாயிறு மதியம் மூன்று முதல் நாலு வரை, அதுவும் நாலு கிலோமீட்டர் தாண்டினால் கேட்காது. பதினாறு நிகழ்ச்சிகளும் இரண்டு ஞாயிறுகளாக அதில் வரும். அதிலிருந்து ஒன்றை நகர வானொலி எடுத்துக்கொள்ளும், செய்தவருக்கு அங்கே ஆறு மாத வேலை.

அந்த இடம் எனக்கு வேண்டும். வெளியே யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. இங்கே எழுதினால் என்ன? வேண்டும்.

லிஃப்ட் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் பேசி வைத்திருந்தேன். இன்று காலை ஜகா வாங்கிவிட்டார். வேறு யாரைப் பிடிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் அக்காவிடம் கேட்டேன். அக்கா ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் இருக்கிறாள், இருபத்தெட்டு வருடமாக. "என்னைப் பத்தி என்னடி இருக்கு? வேணும்னா பெட்ஷீட்டப் பத்திப் பேசறேன்" என்றாள். அதுவே போதும் என்றேன்.

நான் மருத்துவமனை வேலையை விட்டபோது 'இந்த வயசுல என்ன ரேடியோ' என்று கேட்காதவள் அவள் ஒருத்திதான்.

மார்ச் 18, திங்கள்

ஓட்டலின் அடித்தளம். ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம், அரை மணி நேரம் இயந்திரங்கள் நிற்கும். அதற்குள் முடிக்க வேண்டும். நீராவிக் குழாய் மட்டும் உஸ்ஸென்று இருந்தது.

இரட்டைக் கட்டில் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அக்கா தனியாக மடிக்கிறாள். ஒரு விளிம்பைத் தாடையில் இடுக்கி, கைகளை விரித்து, ஒரு உதறு. நான் மைக்கை நீட்டிக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. விரிப்போடு சுருண்டு வரும் பொருள்களைப் பற்றிச் சொன்னாள் — குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், மூக்குக் கண்ணாடி, ஒருமுறை பாதி எழுதிய ராஜினாமாக் கடிதம். "எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் தூங்கி எழுந்தா ஒரே கசங்கல்தான்டி" என்றாள். நன்றாகப் பேசினாள். எனக்கே ஆச்சரியம்.

கடைசியில் ஒன்று கேட்டேன். எழுதி வைத்த கேள்விகளில் அது இல்லை.

அம்மா போனபோது அக்காவுக்குப் பதினேழு, எனக்கு ஒன்பது. அப்பா லாரியில் வாரக் கணக்கில் வெளியே. அக்காவுக்குக் கட்டட வரைபடம் போடும் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மூன்று நாள் போனாள். நாலாவது நாள் போகவில்லை. எனக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் சலவை வேலைக்குப் போனாள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு நாளும் பேசியதில்லை. இன்று மைக் கையில் இருந்த தைரியத்தில், "அந்தப் படிப்ப விட்டதுல உனக்கு வருத்தம் இருந்துச்சாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இல்ல. என்ன வருத்தம்?" என்றாள். இயந்திரம் ஓட ஆரம்பித்தது. கிளம்பி வந்துவிட்டேன்.

மார்ச் 20, புதன்

வெட்டி ஒட்டும் வேலை. இது எனக்கு வருகிறது! வாசிப்பைவிட நன்றாக வருகிறது. திரையில் பேச்சு மேடும் பள்ளமுமாக ஓடுகிறது. இருமலை எடுத்தேன், என் அசட்டு 'ம்... ம்...' எல்லாவற்றையும் எடுத்தேன். கடைசிக் கேள்விக்குப் பிறகு மட்டும் கோடு கிட்டத்தட்ட தட்டையாக நீண்டு கிடந்தது. அளந்தேன். பதினொரு வினாடி. வெட்டினேன். "இல்ல"வுக்கு முன்னால் ஒரு மூச்சு இருந்தது, அதையும் வெட்டினேன். கேள்வி முடிந்த கையோடு பதில். எங்கே ஒட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மேடம் கேட்டுவிட்டு, "சுத்தமா இருக்கு. அந்தக் கடைசிப் பதில் பளிச்சுனு வருது" என்றார். டோக்கன் நம்பர் என்று சொன்ன அதே வாய்.

மார்ச் 24, ஞாயிறு

ஒலிபரப்பாகிவிட்டது. இவர் வானொலிப் பெட்டிக்கு முன்னால் சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எதற்கு என்று கேட்டால், "மச்சினி பேசுறாங்க, மரியாதை வேணாமா?" என்கிறார். முடிந்ததும் கை தட்டினார்.

அக்காவுக்கு இன்றும் வேலை. சலவை அறையிலேயே எல்லோருமாகக் கேட்டிருக்கிறார்கள். அழைத்தேன். "நல்லா இருந்துச்சு" என்றாள். நான் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். "சரி, ட்ராலி வந்துடுச்சு" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 26, செவ்வாய்

அக்கா எடுக்கவில்லை.

மார்ச் 28, வியாழன்

இன்று எடுத்தாள். நல்லா இருக்கேன், வேலை அதிகம், அப்புறம் பேசறேன். மூன்றே வாக்கியம். அக்கா என்னிடம் இப்படிப் பேசுகிறவள் இல்லை. ஒரு கத்தரிக்காய் வாங்கினால்கூட அதன் பூர்வீகம் வரை சொல்கிறவள்.

மார்ச் 30, சனி

மனது கேட்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போனேன். மின்விசிறியைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறக்கை மூன்றும் துடைத்து முடித்தோம். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"நான் அவ்ளோ சீக்கிரமாவாடி சொன்னேன்?"

எதை என்று கேட்டேன். எதை என்று எனக்குத் தெரியும்.

"கூட வேலை செய்யறவ கேக்குறா. 'ஏம்பா, அவ்ளோ ஈஸியா விட்டுட்டியா? கேட்டதும் டக்குனு இல்லன்னுட்டியே'ன்னு. நான் டக்குனு சொல்லலையே. யோசிச்சேன். நீ பாத்துக்கிட்டுதானே இருந்தே?"

ரேடியோவில் மூன்று வினாடிக்கு மேல் விடக்கூடாது என்று விளக்கினேன். எனக்கே நாராசமாக இருந்தது. அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். "அப்படியா, சட்டம்னா சரிதான்" என்றாள். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாப்ட்டுட்டுப் போ" என்றாள். சாப்பிட்டேன். எப்படி இறங்கியது என்று தெரியவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

நிகழ்ச்சியை மறுபடி போட்டுக் கேட்டேன். கடிகாரத்தை வைத்துக்கொண்டு.

ராஜினாமாக் கடிதத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில், "அத நான் என்ன பண்ணேன் தெரியுமா..." என்று அக்கா நிறுத்துகிறாள். பிறகு சிரிக்கிறாள். நடுவில் ஐந்து வினாடி. அதை நான் வெட்டவில்லை. அழகாக இருந்தது, விட்டுவிட்டேன். அங்கே எங்கே போனது மூன்று வினாடி சட்டம்?

ஆக, சட்டத்துக்காக வெட்டவில்லை. அந்தப் பதினொரு வினாடியும் என்னைப் பற்றியது. என்னால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. ஒரு பொத்தான் இருந்தது, அழுத்திவிட்டேன். கேள்வியை நானே கேட்டுவிட்டு, பதிலில் எனக்குச் சௌகரியமானதை மட்டும் வைத்துக்கொண்டேன். சீ.

இவரிடம் சொன்னேன். வழக்கம்போல் கிண்டல் செய்வார் என்று பார்த்தேன். செய்யவில்லை.

ஏப்ரல் 3, புதன்

நகர வானொலி என் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

மேடம் வகுப்புக்கு முன்னாலேயே ஓடி வந்து சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். ஹெட்போன் கட்டிப்பிடித்தாள். கழுத்தில் மாட்டியிருந்தது என் கன்னத்தில் இடித்தது. பதினாறு பேரில் நான். ஆறு மாத வேலை. அதன் பிறகு ஒருவேளை நிரந்தரம். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? நகரம் முழுக்கக் கேட்கப்போகிறது. அக்கா டக்கென்று 'இல்ல' என்று சொல்வதை.

ஏப்ரல் 4, வியாழன்

மதியம் மேடத்தைத் தனியாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். வெட்டியதைத் திரும்ப வைக்க வேண்டும் என்றேன். மூலப்பதிவு இருக்கிறது. மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பதினொரு செகண்டா? நகர வானொலியில எட்டு செகண்ட் சத்தம் வரலன்னா மெஷின் தானா பாட்டப் போட்டுடும். ஒலிபரப்பு நின்னுபோச்சுன்னு நினைச்சுக்கும். உங்க அக்கா யோசிக்கும்போது நடுவுல வயலின் வரும், பரவாயில்லையா? அதோட அவங்க எடுத்தது இந்த நிகழ்ச்சிய. மாத்தினா மறுபடி மூணு பேர் கேட்டு முடிவு பண்ணணும். எனக்குப் பயமா இருக்குங்க. வந்த இடத்த விட்டுடாதீங்க."

அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. அக்காவிடமே கேட்டுவிடலாம் என்று வெளியே வந்து அழைத்தேன். முழுசாகப் போடப் பார்க்கிறேன் என்றேன்.

"மாத்தினா உன் வேலைக்கு ஏதாவது ஆகுமா?"

"ஆகலாம்."

"அப்ப வேணாம். அப்படியே இருக்கட்டும்."

நான் கேள்வியை முடித்தேனா என்றுகூடத் தெரியவில்லை. அதற்குள் சொல்லிவிட்டாள். இந்த முறை யாரும் எதையும் வெட்டவில்லை. என் பொருட்டு ஒன்றை விட்டுக்கொடுக்க இவளுக்கு இத்தனை பழக்கமாகிவிட்டது. நான் வாங்கிக்கொள்ளவும் பழகிவிட்டேன். பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதேன். பக்கத்தில் நின்றவர் பேருந்து போய்விட்டதென்று நினைத்து, அடுத்தது வரும் என்று தேற்றினார்.

ஏப்ரல் 8, திங்கள்

மேடம் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். "அஞ்சு செகண்ட் வைங்க. மெஷினும் சும்மா இருக்கும், அந்த மூணு பேருகிட்டயும் நான் பேசிக்கிறேன். ரெண்டு பக்கமும் நியாயம்தானே?"

மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஐந்து வினாடிக்குச் செய்து பார்த்தேன். நன்றாக இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது. அதுதான் சங்கடம். யாரோ சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிப்பது போல இருந்தது. முழுசாகக் கேட்டால் அப்படி இல்லை. முதலில் குழாயின் உஸ். நாலாவது வினாடியில் அக்கா விரிப்பை உள்ளங்கையால் நீவுகிறாள். பிறகு ஒன்றுமில்லை. எட்டாவதில் மறுபடி நீவுகிறாள், அதே இடத்தை. ஏற்கெனவே மடிப்பு விழுந்த இடம். பிறகு ஒரு மூச்சு. பிறகுதான் 'இல்ல'.

ஐந்து வினாடியில் ஒரு நீவல்தான் வரும். இரண்டாவதுதான் அக்கா.

மேடத்தைக் கேட்கச் சொன்னேன். காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். கழற்றி மேசையில் வைத்தார். சட்டென்று ஒன்றும் சொல்லவில்லை. அவரும் யோசிக்கிறார் என்று அப்போதுதான் கவனித்தேன்.

"இதக் குடுத்தா இடம் போயிடும்ங்க" என்றார்.

"தெரியும் மேடம்."

"எனக்கு இஷ்டமில்ல. ஆனா குடுங்க."

ஏப்ரல் 9, செவ்வாய்

கொடுத்தாயிற்று. இவர் சாயங்காலம் ஒன்றும் கேட்காமல் சமையலை முழுக்கப் பார்த்துக்கொண்டார். உப்பு ஒரு மடங்கு கூட.

ஏப்ரல் 12, வெள்ளி

கிடைக்கவில்லை. 'ஒலிபரப்பத் தகுந்த வடிவில் இல்லை' என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். இடம் ஹெட்போனுக்கு. நல்ல நிகழ்ச்சி அவளுடையது, செருப்புத் தைப்பவரைப் பற்றி. என்னைப் பார்க்கவே சங்கடப்பட்டாள். நானே போய் முதுகில் ஒன்று போட்டேன்.

வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுத மாட்டேன். இத்தனை மாதம், அந்த நாக்குப் பயிற்சி, இவர் ஒற்றைச் சம்பளத்தில் ஓட்டிய வீடு. இதற்கா என்று ஒரு நேரம் தோன்றுகிறது. ஆமாம், இதற்குத்தான் என்று இன்னொரு நேரம்.

ஏப்ரல் 15, திங்கள்

மருத்துவமனையில் பழைய நாற்காலி காலியாகத்தான் இருக்கிறதாம். காலை நேரத்துக்கு மட்டும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மதியத்தில் பாடப் பதிவுகளை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் வேலைக்கு ஓர் இடத்தில் மேடம் சொல்லிவைத்திருக்கிறார். பார்ப்போம்.

கிளம்பும்போது மேடம் ஒன்று சொன்னார். வரும் ஞாயிறு எங்கள் ரேடியோவில் அக்காவின் நிகழ்ச்சியை முழு வடிவத்தில் மறுஒலிபரப்புச் செய்கிறாராம். "அன்னைக்கு நானே உக்காந்துக்கறேன். வேற யாராவது இருந்தா நடுவுல பயந்துபோய் பாட்டப் போட்டுடுவாங்க" என்றார். ஏழாவது வினாடியில் அவருடைய கையும் பொத்தானுக்குப் போகும் என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். நான் இடத்தை இழந்தது அவளுக்கு நேற்று இவர் மூலம் தெரிந்துவிட்டது. கதவைத் திறந்ததுமே, "உன்னை யாருடி மாத்தச் சொன்னது? நான்தான் வேணாம்னு சொன்னேன்ல?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே தட்டைப் போட்டாள். நானும் கத்தினேன். "எத்தனை தடவைதான் நீயே விட்டுக்கொடுப்பே?" என்றேன். அதன் பிறகு இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

மூன்று பத்துக்கு நிகழ்ச்சி வந்தது. தாடையில் இடுக்குவது, சாக்ஸ், ராஜினாமாக் கடிதம். தன் சிரிப்பைக் கேட்டு அக்கா ஒருமுறை முகத்தைச் சுளித்தாள். பிறகு என் கேள்வி.

குழாயின் உஸ். அக்கா வானொலிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். முதல் நீவல். நீளமாகத்தான் இருந்தது, அங்கே உட்கார்ந்து கேட்கும்போது இன்னும் நீளம். இரண்டாவது நீவல். மூச்சு. "இல்ல. என்ன வருத்தம்?"

மேடம் பாட்டுப் போடவில்லை.

அக்கா எழுந்து பெட்டியை அணைத்தாள். அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"இருந்துச்சுடி" என்றாள். "ரொம்ப வருஷம் இருந்துச்சு. அந்தக் காலேஜ் தெரு வழியா நான் போனதே இல்ல, சுத்திக்கிட்டுதான் வேலைக்குப் போவேன். உன் மேலயும் கோவம் இருந்துச்சு. சின்னப் புள்ள மேல என்ன கோவம்னு என் மேலயே கோவமா வரும்."

சொல்ல வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தாள். "ஏய், இதையும் ரேடியோவுல போட்டுடாத."

மைக் எடுத்து வரவில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த மூன்று நாள் வகுப்பில் என்னென்ன நடந்தது என்று முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். எந்த வரிசையில் உட்கார்ந்தாள், பக்கத்தில் யார், முதல் கோடு எப்படிக் கோணலாகப் போனது, வாத்தியார் என்ன சொன்னார். ஆறு மணி வரைக்கும் பேசினாள். நடுவில் நிறைய நேரம் நிறுத்தினாள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.